நெல்லையில் சுற்றுப்புற அடர்த்திக் கணக்கு: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

பசுமைக் கட்டடச் சான்றுக்கு விண்ணப்பிப்பவர்கள் மின்சாரம், தண்ணீர், கண்ணாடி, காப்புப் பூச்சு எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டு, சுற்றுப்புற அடர்த்தி என்ற ஒரே இடத்தில் தடுமாறுவதைத் தொடர்ந்து பார்க்கிறேன். கேள்வி எளிதாகத்தான் தெரியும். உங்கள் மனையைச் சுற்றியுள்ள நிலத்தில் எவ்வளவு கட்டடம் நிற்கிறது? ஆனால் திருநெல்வேலி மாதிரி ஊரில், நகரத்துக்கு நடுவே ஆறும் கால்வாயும் குளமும் வயலும் கிடக்கும் ஊரில், ‘சுற்றியுள்ள நிலம்’ எது என்று முடிவு செய்வதே பாதி வேலை. கணக்கு தவறும்போது பெரும்பாலானவர்கள் கட்டடப் பரப்பைத் திரும்பத் திரும்பச் சரிபார்க்கிறார்கள். பிழை பெரும்பாலும் அங்கே இருக்காது. வகுக்கும் நிலத்தில் இருக்கும்.

இங்கே, புள்ளிகளைக் கூட்டிப் பசுமைக் கட்டடச் சான்று தரும் அமெரிக்க முறையான லீட் (LEED) முறையை வைத்தே பேசுகிறேன். எண்கள் தெளிவாக வரையறுக்கப்பட்ட முறை அது. வேறு சான்றிதழுக்கு விண்ணப்பிப்பவர்களும் கீழே வரும் அறிகுறிகளில் பலவற்றைத் தங்கள் தாளில் காண்பார்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று பாருங்கள். உங்கள் கட்டடம் எந்தப் பதிப்பில் பதிவாகியிருக்கிறது? லீட் 2009 பதிப்பில் ஏக்கருக்கு 60,000 சதுர அடி கட்டடம் வேண்டியிருந்தது. அளக்கும் ஆரமும் மனைக்கு மனை மாறியது: மனைப் பரப்பின் வர்க்கமூலத்தை மூன்றால் பெருக்க வேண்டியிருந்தது. ஒரு ஏக்கர் மனைக்கு அது 626 அடி, அதாவது சுமார் 191 மீட்டர். 2013 நவம்பரில் வந்த நான்காம் பதிப்பு இதை மாற்றிவிட்டது. எல்லா மனைக்கும் ஒரே தூரம், மனை எல்லையிலிருந்து 400 மீட்டர். புதிய கட்டடம் என்றால் ஏக்கருக்கு 22,000 சதுர அடிக்கு 2 புள்ளி, 35,000 சதுர அடிக்கு 3 புள்ளி. யாரோ கொடுத்த பழைய எக்செல் தாளில் உங்கள் எண்களை நிரப்பினால், ஆரம் மனைக்கேற்ப மாறிக்கொண்டே இருக்கும். அப்படி மாறினால் தாளையே தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள், ஒட்டுப்போட வேண்டாம்.

இந்த அளவுகளை நம் ஊர்ச் சென்ட் கணக்குக்கு மாற்றி மனதில் வைத்துக்கொண்டால், தாளைத் திறக்காமலே பாதிப் பிழை கண்ணில் படும். ஏக்கர் 100 சென்ட், சென்ட் 435.6 சதுர அடி. ஆகவே 22,000 என்பது சென்டுக்கு 220 சதுர அடி. 35,000 என்பது சென்டுக்கு 350. பழைய 60,000 என்பது சென்டுக்கு 600. தெருவில் நின்று ஒரு வீட்டைப் பார்த்து, இது எத்தனை சென்ட், எத்தனை சதுர அடி என்று சொல்லத் தெரிந்தவர் யாராக இருந்தாலும் அந்தத் தெரு தேறுமா தேறாதா என்று சுமாராகச் சொல்லிவிடலாம்.

அறிகுறி: எண் நம்ப முடியாத அளவுக்குப் பெரிதாக வருகிறது

பெருமாள்புரத்தில் ஒரு தெரு சென்னை தியாகராய நகரை மிஞ்சுகிறது என்று தாள் சொன்னால் மகிழ்ச்சி அடையாதீர்கள். முதலில் அலகைப் பாருங்கள்.

பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும். ‘0 - 4.50’ என்று அச்சாகியிருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ஹெக்டேர் பூச்சியம், ஏர் நாலரை என்று பொருள். ஒரு ஏர் 100 சதுர மீட்டர். ஆக இந்த மனை 450 சதுர மீட்டர், அதாவது 4,844 சதுர அடி, சுமார் 11.12 சென்ட். வேகமாகத் தட்டச்சு செய்பவர் இதை நாலரை சென்ட் என்று எடுத்துவிடுவார், ஏனென்றால் வாயில் பழகிய அளவு சென்ட்தான். அந்த மனையில் 1,500 சதுர அடி வீடு இருந்தால், உண்மையில் சென்டுக்கு 135 சதுர அடி. தவறான கணக்கில் சென்டுக்கு 333. முதல் எண் தேறாது, இரண்டாவது எண் மிக நன்றாகத் தேறும். நூறு மனைகளில் இருபது மனைக்கு இப்படி நடந்தாலே மொத்தக் கணக்கும் சாய்ந்துவிடும். சில மனைகளில் மட்டும் நடந்திருப்பதால் மொத்த எண்ணைப் பார்த்துக் கண்டுபிடிப்பதும் கடினம். ஒவ்வொரு வரிக்கும் சென்டுக்கு எத்தனை சதுர அடி என்று தனி நிரல் போட்டு, பெரிதிலிருந்து சிறிதாக வரிசைப்படுத்துங்கள். மேலே மிதந்து வரும் மனைகளை மட்டும் பட்டாவோடு ஒப்பிட்டால் போதும்.

மொத்தமும் ஒரே விகிதத்தில் தவறியிருந்தால், அந்த விகிதமே காரணத்தைச் சொல்லிவிடும். சரியான எண்ணைவிட 10.76 மடங்கு விலகியிருந்தால் சதுர அடியும் சதுர மீட்டரும் கலந்திருக்கின்றன. 2.47 மடங்கு என்றால் ஏக்கரும் ஹெக்டேரும், அல்லது சென்டும் ஏரும். 4.36 மடங்கு என்பது சற்றே மறைந்திருக்கும் வகை. மெட்ரிக் அட்டவணையில் 22,000-க்கு இணையாக ஹெக்டேருக்கு 5,050 சதுர மீட்டர் என்று இருக்கும். ஒருவர் ஏக்கருக்கு 6,000 சதுர அடி என்று சரியாகவே கணக்கிட்டு, அதை அந்த 5,050-உடன் ஒப்பிட்டு, தேறிவிட்டது என்று எழுதிவிடுவார். கணக்கில் பிழையே இருக்காது. ஒப்பிட்ட எண்தான் வேறு உலகத்து எண்.

பழைய கிரயப் பத்திரங்களில் கோட்டை விதைப்பாடு, மரக்கால் விதைப்பாடு என்று நிலம் குறிக்கப்பட்டிருக்கும். அதை மாற்றிப் பார்க்க முயல வேண்டாம். அது விதையின் அளவைக் கொண்டு நிலத்தைச் சொல்லும் முறை. இன்றைய பட்டாவையும், நில அளவை வரைபடமான புலப்படத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: வீடுகள் குறைவாகத் தெரிகின்றன, ஆனால் அடர்த்தி தேறுகிறது

தெருவில் நடந்தால் ஒன்று விட்டு ஒன்று காலி மனை, கருவேலம் முளைத்துக் கிடக்கிறது. தாளிலோ அடர்த்தி நன்றாக இருக்கிறது. காரணம் எப்போதும் ஒன்றுதான்: மனைப் பட்டியலை மாநகராட்சிச் சொத்துவரிப் பதிவேட்டிலிருந்து எடுத்து, கட்டடம் உள்ள வரிகளை மட்டும் வைத்திருப்பார்கள். காலி மனை அங்கேயே உதிர்ந்துபோகும்.

ஒரு மனைப்பிரிவை எடுத்துக்கொள்வோம். ஐந்து சென்ட் வீதம் 100 மனை, தெருக்கள் நீங்கலாக மொத்தம் ஐந்து ஏக்கர். முப்பது வீடுகள் எழும்பியிருக்கின்றன. உண்மை அடர்த்தி ஏக்கருக்கு 6 வீடு. காலி மனைகளை விட்டுவிட்டால் முப்பது வீடு, ஒன்றரை ஏக்கர். அடர்த்தி 20 ஆகிவிடுகிறது. குடியிருப்பையும் மற்றவற்றையும் தனித்தனியாகக் கணக்கிடும் வழியில் 2 புள்ளிக்கு ஏக்கருக்கு 7 வீடு, 3 புள்ளிக்கு 12 வீடு வேண்டும். ஆறு தேறாது, இருபது இரண்டையும் தாண்டிவிடும்.

கட்டத் தகுந்த நிலம் என்றால் கட்டக்கூடிய நிலம் முழுவதும். உரிமையாளர் வளைகுடாவில் இருக்கிறார், பேத்தி கல்யாணத்துக்கு விற்கப் போட்டு வைத்திருக்கிறார், வாரிசு வழக்கு நடக்கிறது என்ற காரணங்களால் சும்மா கிடக்கும் மனையும் அதில் சேரும். அதனால் பட்டியலை வரிப் பதிவேட்டிலிருந்து தொடங்காதீர்கள். நகர அளவைப் பதிவேட்டிலிருந்தும் புலப்படத்திலிருந்தும் எல்லா உட்பிரிவு எண்களையும் முதலில் எழுதுங்கள். பிறகு வரிப் பதிவேட்டிலிருந்து கட்டடங்களைக் கொண்டு வந்து சேருங்கள். சேராத வரிகளுக்குக் கட்டடப் பரப்பு பூச்சியம் என்று எழுதுங்கள், வரியை அழிக்காதீர்கள்.

எதிர்த் திசையிலும் இதே பிழை உண்டு. திட்ட அனுமதி வாங்கியாயிற்று, அடுத்த ஆண்டு எட்டு மாடி வரப்போகிறது என்று பக்கத்து மனையின் வரைபடத்தைச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். நான்காம் பதிப்பு கேட்பது இன்று நிற்கும் கட்டடத்தை.

அறிகுறி: எண் மிகவும் சிறிதாக வருகிறது

இதுதான் நெல்லைக்கே உரிய சிக்கல். இதில் நிதானம் வேண்டும்.

400 மீட்டர் என்பது காகிதத்தில் சிறியது. 50 மீட்டர் அகலம், 80 மீட்டர் நீளமுள்ள மனை ஒன்றை எடுத்து, அதன் எல்லையிலிருந்து எல்லாப் பக்கமும் 400 மீட்டர் தள்ளிக் கோடு போட்டால், உள்ளே அடங்கும் நிலம் சுமார் 61 ஹெக்டேர், அதாவது 151 ஏக்கர். நெல்லையில் எங்கே இந்தக் கோட்டைப் போட்டாலும் அதற்குள் தண்ணீர் சம்பந்தப்பட்ட ஏதாவது ஒன்று வந்து விழுவதற்கு வாய்ப்பு அதிகம். நெல்லையப்பர் கோயிலைச் சுற்றியுள்ள பழைய ஊரான டவுனின் வடபுறம் போட்டால் நயினார்குளம். கொக்கிரகுளத்திலோ வண்ணார்பேட்டையிலோ போட்டால் தாமிரபரணி. சுத்தமல்லி அணைக்கட்டிலிருந்து வரும் நெல்லைக் கால்வாய் ஒரு பக்கம், பழவூர் அணைக்கட்டிலிருந்து மேலப்பாளையம், பாளையங்கோட்டை வழியாகப் போகும் பாளையங்கால்வாய் மறுபக்கம். இவற்றையெல்லாம் சேர்த்து 151 ஏக்கரால் வகுத்தால் எந்தத் தெருவும் தேறாது.

கழிக்க வேண்டியவை இரண்டு வகை. ஒன்று, பொதுவழி: தெரு, சாலை, சந்து, வண்டிப்பாதை. இரண்டு, சட்டப்படி கட்டவே தடையுள்ள நிலம். ஆறும் குளமும் கால்வாயும் கிராமக் கணக்கில் நீர்நிலைப் புறம்போக்கு என்று இருக்கும். குளங்களின் ஆக்கிரமிப்பைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2007-இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. கிராம நிலப் பதிவேடான அ-பதிவேட்டின் நகலை இணைத்தால் மதிப்பீட்டாளர் மறுப்பதற்கு இடமில்லை. இந்த நகலை இணையத்திலேயே எடுத்துவிடலாம். செயற்கைக்கோள் படத்தில் நீலமாக வண்ணம் அடித்து ‘குளம்’ என்று எழுதி அனுப்பினால் கேள்வி வரும். கோடையில் எடுத்த படமென்றால் குளம் மைதானமாகத்தான் தெரியும்.

புதிய மனைப்பிரிவுகளில் பூங்காவுக்கென்று ஒதுக்கி, தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு ஒப்படைத்த நிலத்துக்கு அந்தப் பத்திரமே சான்று. பழைய 2009 பதிப்பு பொதுப் பூங்காவையும் நீர்நிலையையும் பெயர் சொல்லியே விலக்கியது. நான்காம் பதிப்பில் சட்டத் தடை என்பதுதான் அளவுகோல். ஆகவே பூங்கா என்று பலகை இருந்தால் மட்டும் போதாது.

இப்போது வயல். தச்சநல்லூர், பேட்டை, டவுனின் ஓரங்கள் என்று இன்றும் நெல் விளையும் நிலம் மாநகராட்சி எல்லைக்குள் இருக்கிறது. இதைக் கழிக்கலாமா? விவசாய நிலம்தானே, கட்ட முடியாதே என்று கழித்துவிடுகிறார்கள். நான் கழிக்க மாட்டேன். நன்செய் நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்ற அனுமதி வேண்டும் என்பது வேறு, கட்டவே கூடாது என்பது வேறு. அனுமதி பெற்று மாற்றிய வயல்கள் எத்தனை என்று நெல்லையில் வாழும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மாற்ற முடிகிற நிலம் கட்டத் தகுந்த நிலம்தான். அது வகுக்கும் எண்ணில் இருக்க வேண்டும்.

இதில் நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. அடர்த்திக்குப் புள்ளி கொடுப்பதே, ஏற்கெனவே கட்டிய இடத்துக்குள் கட்டுங்கள், புதிய நிலத்தைத் தொடாதீர்கள் என்பதற்காக. வயலுக்கு நடுவே கட்டடத்தை எழுப்பிவிட்டு, அந்த வயலையே கணக்கிலிருந்து நீக்கி, அடர்த்தியான பகுதியில் கட்டினோம் என்று புள்ளி வாங்குவது அந்த விதியின் கழுத்தையே நெரிப்பது. வயலைச் சேர்த்ததால் தேறவில்லை என்றால், உங்கள் இடம் உண்மையிலேயே தேறாத இடம். அதை ஒப்புக்கொண்டு வேறு வழியில் புள்ளி தேடுங்கள். அந்த வழி கடைசியில் வருகிறது.

பாளையங்கோட்டையில் பிரச்சினை தண்ணீரைவிட மைதானம். தெருவுக்குத் தெரு பள்ளி, கல்லூரி. ஒவ்வொன்றுக்கும் ஏக்கர் கணக்கில் விளையாட்டுத் திடல். கட்டடமே ஒரு பள்ளி என்றால், அதன் மனைக்குள் இருக்கும் விளையாட்டுத் திடலையும், விளையாட்டுக்கு மட்டும் பயன்படும் கட்டடத்தையும் கணக்கிலிருந்து நீக்க லீட் இடம் கொடுக்கிறது. எதிர்ச்சாரியில் இருக்கும் பள்ளியின் மைதானத்துக்கு அந்தச் சலுகை இல்லை. அது தனியார் நிலம், கட்டத் தகுந்த நிலம். பாளையில் பல இடங்கள் அடர்த்தியில் தேறாததற்கு இதுவே காரணம். அந்த மைதானங்கள் அங்கே இருப்பது ஊருக்கு நல்லதுதான். புள்ளிக்காக வருந்த வேண்டியதில்லை.

கோயில்? நெல்லையப்பர் கோயில் வளாகம் சுமார் 14 ஏக்கர். ரத வீதிகளை ஒட்டி எங்கே கோடு போட்டாலும் அதில் கொஞ்சமோ முழுவதுமோ உள்ளே வந்துவிடும். கோயிலைப் பெயர் சொல்லி விலக்கும் விதி எதுவும் இல்லை. முழு வளாகத்தையும் காலி நிலமாக எடுத்தால் டவுனுக்கு அநியாயம் செய்ததாகிவிடும். கூரையுள்ள பிரகாரங்கள், ஆயிரங்கால் மண்டபம், 1647-இல் இரண்டு சன்னதிகளையும் இணைத்துக் கட்டிய சங்கிலி மண்டபம் எல்லாமே தளப்பரப்புதான். அவற்றைக் குடியிருப்பு அல்லாத கட்டடமாகச் சேர்த்து, பொற்றாமரைக் குளத்தை நீர்நிலையாகக் கழித்து, மிச்சமுள்ள திறந்தவெளியை நிலத்தில் வைப்பதே சரியென்று எனக்குப் படுகிறது. எப்படி எடுத்தீர்கள் என்று இரண்டு வரி விளக்கம் சேர்த்துவிடுங்கள்.

அறிகுறி: டவுன் தெருக்களில் கண்ணுக்குத் தெரியும் நெருக்கம் தாளில் வரவில்லை

நிலத்தைச் சரியாகக் கழித்தாயிற்று, இருந்தும் ரத வீதிகளைச் சுற்றியுள்ள தெருக்கள் மெலிந்து தெரிகின்றன. இந்த ஒரு இடத்தில் கட்டடப் பரப்பைச் சந்தேகப்படலாம்.

டவுன் வீட்டை வாசலில் நின்று அளக்க முடியாது. தெருவில் ஒரு கதவும் ஒரு சன்னலும் மட்டும் தெரியும். உள்ளே போனால் தார்சா, பட்டாசாலை, இரண்டாம் கட்டு, நடுவில் வானம் பார்த்த முற்றம், அடுக்களை, புறவாசல் என்று போய்க்கொண்டே இருக்கும். சில வீடுகள் அடுத்த தெருவில்தான் முடியும். மேலே மச்சு இருக்கும். ஓட்டுக்கூரைக்குக் கீழே இருப்பதால் மேலிருந்து எடுத்த படத்தில் அது தெரியாது. பக்கத்து வீட்டோடு சுவர் பொதுவாக இருப்பதால், படத்தில் பார்க்கும்போது நான்கு வீட்டு ஓடு ஒரே கூரையாகத் தெரியும். படத்தை மட்டும் வைத்துக் கணக்கிட்டவர் இங்கே இரண்டு விதத்திலும் தவறுவார்: மச்சை விட்டுவிடுவார், முற்றத்தைச் சேர்த்துவிடுவார்.

வரிப் பதிவேடும் முழுதாகக் கைகொடுக்காது. கீழ்த்தளத்துக்கு வரி விதித்த பிறகு எழுப்பிய மாடி பல இடங்களில் ஏறியிருக்காது. வழி ஒன்றே: கோட்டுக்குள் வரும் தெருக்களில் நடந்து, வீட்டு வாரியாகத் தள எண்ணிக்கை எழுதுங்கள். வெளிப்புறப் படிக்கட்டு, மேல்தளத்துச் சன்னல், தனி மின் மீட்டர் இவை சாட்சி. தரைப்பரப்பைப் படத்திலிருந்து எடுத்து, முற்றத்தைக் கழித்து, தளத்தால் பெருக்குங்கள். மாடியில் துணி காயப்போடத் தகரக் கொட்டகை போட்டிருந்தால் அதைத் தளமாக எண்ண வேண்டாம்.

வாகன நிறுத்தத் தளத்தையும் எண்ணக் கூடாது. சந்திப்புப் பகுதியில் தங்கும் விடுதிகளும் வணிக வளாகங்களும் கீழே வண்டி நிறுத்தத்துக்கு ஒரு தளம் விட்டிருக்கும். வரிப் பதிவேட்டிலோ கட்டட வரைபடத்திலோ அது மொத்தப் பரப்பில் கலந்திருந்தால் பிரித்து எடுத்துவிடுங்கள்.

அறிகுறி: கதவு எண் ஒரு எண்ணிக்கை, குடும்பம் வேறு எண்ணிக்கை

தனித்தனிக் கணக்கில் வீடுகளை எண்ணும்போது வளவு வந்து நிற்கும். தெருவில் ஒரே வாசல். உள்ளே நுழைந்தால் நீண்ட நடை, இருபுறமும் வரிசையாக வீடுகள், ஒவ்வொன்றுக்கும் தனி அடுப்பு, கடைசியில் பொதுக் கிணறும் கழிப்பறையும். சொத்துவரியில் ஒரு எண். மின் இணைப்பு ஆறோ ஏழோ இருக்கலாம். எதை எண்ணுவது?

ஒரு வீடு என்று எண்ண, தங்க, தூங்க, சமைக்க, கழிப்பறைக்கு என எல்லாம் அந்த வீட்டுக்கே நிலையாக இருக்க வேண்டும் என்பது வரையறை. பொதுக் கழிப்பறை உள்ள வளவை ஏழு வீடாக எண்ணினால், மதிப்பீட்டாளர் கேள்வி கேட்டால் பதில் கொடுக்க முடியாது. ஒரு வீடாக எண்ணினால் அங்கே குடியிருக்கும் ஏழு குடும்பங்களையும் கணக்கிலிருந்து துடைத்துப் போட்டதாகிறது. இரண்டுமே வேண்டாம். டவுனில் மொத்தத் தளப்பரப்பு வழியைத் தேர்ந்தெடுங்கள், அதாவது சென்டுக்கு 220 என்ற கணக்கு. அதில் வளவின் சுவருக்குள் இருக்கும் ஒவ்வொரு சதுர அடியும் தானாக எண்ணப்படும். எத்தனை வீடு என்ற கேள்வியே எழாது. பாளையங்கோட்டை மாணவர் விடுதிகளுக்கும் இதே யோசனைதான்.

கீழே கடை, மேலே வீடு என்றிருக்கும் ரத வீதிக் கட்டடங்களுக்கும் இதுவே எளிது. தனித்தனி வழியில் போனால் ஒரே மனையைக் குடியிருப்புக்கும் கடைக்கும் பங்கிட வேண்டியிருக்கும். பங்கிடாமல் முழு மனையையும் இரண்டு பக்கமும் எழுதி, நிலத்தை இரட்டிப்பாக்கி அடர்த்தியைப் பாதியாக்கிக்கொண்டவர்கள் உண்டு. தனித்தனி வழியில் வீட்டு எண்ணிக்கை மட்டும் தேறினால் போதும் என்றும் நினைத்துவிடாதீர்கள். குடியிருப்பு அல்லாத கட்டடங்களுக்கும் தளப்பரப்பு விகிதம், அதாவது தளப்பரப்பை நிலப்பரப்பால் வகுத்த எண், 2 புள்ளிக்கு 0.5, 3 புள்ளிக்கு 0.8 வர வேண்டும். இரண்டும் சேர்ந்து தேற வேண்டும்.

அறிகுறி: இரண்டு பேர் கணக்கிட்டால் இரண்டு விடை

மனையின் நடுப்புள்ளியில் கூர் வைத்து 400 மீட்டர் வட்டம் போட்டால் 50.3 ஹெக்டேர். மேலே சொன்னபடி எல்லையிலிருந்து தள்ளிப் போட்டால் 61 ஹெக்டேர். ஒரே மனைக்கு 11 ஹெக்டேர் வித்தியாசம். விதி சொல்வது எல்லையிலிருந்து. மனை நீளமாக இருந்தால் வித்தியாசம் இன்னும் பெருகும். வாயிலில் இருந்து வட்டம் போடுபவர்களும் இருக்கிறார்கள். அது நடை தூரத்துக்கு உரிய முறை, இதற்கு இல்லை.

கோட்டில் பாதி உள்ளே, பாதி வெளியே நிற்கும் மனைகளில் அடுத்த வித்தியாசம் வரும். 2009 பதிப்பில் கோடு தொட்ட மனை முழுவதும் உள்ளே. எதைப் பின்பற்றினாலும், கட்டடத்துக்கும் நிலத்துக்கும் ஒரே முறை வேண்டும். மனையில் பாதியை எடுத்து, கட்டடத்தை முழுதாக எடுத்தால் எண் வீங்கும்.

அறிகுறி: அடர்த்திக்குப் பதில் வேறு எதையோ அளந்திருக்கிறார்கள்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2011 மக்கள்தொகை சுமார் 4.7 லட்சம், மாநகராட்சிப் பரப்பு 108.65 சதுர கிலோமீட்டர், ஆக சதுர கிலோமீட்டருக்கு நாலாயிரத்துச் சொச்சம் பேர் என்று எழுதி அனுப்பினால் அது மக்கள் அடர்த்தி. இங்கே கேட்பது அதை இல்லை. 2019-ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த கட்டட விதிகள் சாதாரணக் கட்டடங்களுக்கு 2.0 தளப்பரப்புக் குறியீட்டை அனுமதிப்பதால் எங்கள் பகுதி 2.0 என்று எழுதுவதும் உதவாது. அது கட்டிக்கொள்ளலாம் என்ற உச்சவரம்பு. நிற்கும் கட்டடம் அதில் கால்வாசியாகவும் இருக்கலாம்.

அறிகுறி: எல்லாம் சரி, ஆனால் தேறவில்லை

கே.டி.சி. நகர், என்.ஜி.ஓ. காலனி போன்ற பகுதிகளில் நேர்மையாகக் கணக்கிட்டால் மொத்தத் தளப்பரப்பு பல இடங்களில் 22,000-ஐ எட்டாது. முன்னே சொன்ன மனைப்பிரிவையே பாருங்கள். முப்பது நாற்பதாகி, ஒவ்வொன்றும் 1,200 சதுர அடி என்றால், ஏக்கருக்கு 9,600-தான் வரும். தாளை இழுத்து இழுத்துப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, இரண்டாவது வழிக்குப் போங்கள்: கட்டடத்தின் முக்கிய வாயிலிலிருந்து 800 மீட்டர் நடைக்குள் இருக்கும் பலவகைப் பயன்பாடுகள். நான்கு முதல் ஏழு வரை இருந்தால் 1 புள்ளி, எட்டும் அதற்கு மேலும் என்றால் 2 புள்ளி.

இங்கே நம் ஊர் நன்றாகவே தேறும். காய்கறியும் விற்கும் மளிகைக் கடை, மருந்துக் கடை, வங்கி, முடிதிருத்தகம், உணவகம், தபால் அலுவலகம், மருத்துவமனை, நூலகம் எல்லாமே எண்ணலாம். மகாராஜ நகரில் உழவர் சந்தை இருக்கிறது, அதுவும் ஒரு வகை. நூறு பேரோ அதற்கு மேலோ முழுநேரம் வேலை செய்யும் அலுவலகம் இருந்தால் அது தனி வகுப்பு. ஆனால் ஒரே வகையில் இரண்டுக்கு மேல் எண்ண முடியாது. ஐந்து வகுப்புகளில் குறைந்தது மூன்றாவது வர வேண்டும். பிள்ளையார் கோயில், அம்மன் கோயில், தேவாலயம், பள்ளிவாசல் என்று நான்கும் ஒரே தெருவில் இருந்தாலும் வழிபாட்டிடம் என்ற வகையில் இரண்டுதான். பட்டியல் நீளமாக இருந்தும் எண்ணிக்கை குறைந்து திரும்பி வருகிறதென்றால் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இன்னொன்று தூரம். அடர்த்திக்கான 400 மீட்டர் ஆற்றைப் பற்றிக் கவலைப்படாது. நேர்கோட்டில் அக்கரைக்கும் போய்விடும். இந்த 800 மீட்டர் கால் நடக்கும் வழி. கொக்கிரகுளத்துக் கரையில் நிற்கும் கட்டடத்துக்கு எதிர்க்கரையில் சந்திப்புப் பக்கத்துக் கடை கண்ணெதிரே தெரியும், ஆனால் அங்கே போக 1843-இல் கட்டிய சுலோச்சன முதலியார் பாலத்துக்குச் சுற்றிப் போக வேண்டும். பாலத்தின் இரு முனைக்கும் நடக்கும் தூரத்தையும் சேர்த்து அளங்கள். ஈரடுக்கு மேம்பாலத்தின் பக்கமும் அப்படித்தான்: மேலிருந்து பார்த்தால் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு இடங்களுக்கு நடுவே தண்டவாளம் கிடக்கும். வரைபடச் செயலியில் தூரம் பார்க்கும்போது நடைவழியைத் தேர்ந்தெடுங்கள், பிறகு ஒருமுறை அந்த வழியில் நடந்து பாருங்கள். செயலி காட்டும் சந்து சில இடங்களில் பூட்டிய கேட்டில் முடியும். அப்படி முடிந்தால் அந்தக் கடையைப் பட்டியலில் இருந்து எடுத்துவிட்டு, அடுத்த வகையில் இன்னொன்றைத் தேடுங்கள்.